வட்டு
சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேரில் எஸ்எஸ்டி வாங்கி, விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்குப் புதிதாக மாறிய நண்பர் கேட்டார்: “சி, டி எழுத்துகளையே காணோமே? சதுரமாக இருப்பதை ஏன் வட்டு என்கிறீர்கள்?” முதல் கேள்விக்கு விடை எளிது: உபுண்டு ஒரு லினக்ஸ்; லினக்ஸில் டிரைவுகளுக்கு அந்த எழுத்துகள் கிடையாது, ஒவ்வொரு டிரைவையும் ஓர் அடைவோடு இணைக்க வேண்டும். இரண்டாவதுதான் என்னை ஈர்த்தது. வட்டம், வட்டில் ஆகியவற்றின் உறவுச் சொல் வட்டு. பழந்தமிழில் அது ஆட்டக்காய். நற்றிணைச் சிறுவர்கள் நெல்லிக்காயையே வட்டாக்கிக் கட்டம் வரைந்து ஆடினர். நூலறிவின்றி அவையில் பேசுவதைக் கட்டமின்றி வட்டாடுவதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இன்றைய வட்டுக்கும் கட்டம் வேண்டும்: பொதுவாகப் பார்ட்டிஷன் பிரித்து, ஃபார்மேட் செய்த பிறகே கோப்புகளை வைக்கலாம். காந்தத் தகடு சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு ‘வன்வட்டு’ கச்சிதமான பெயர். எஸ்எஸ்டியிலோ சில்லுகள் மட்டுமே, எதுவும் சுழல்வதில்லை. டிரைவுக்கு வழங்கும் ‘இயக்ககம்’ என்பதும் அசைவையே சுட்டுகிறது. அதனால் சுழல்வதை வன்வட்டு என்றும், சுழலாததைச் சேமிப்பகம் என்றும் பிரித்துச் சொல்வதே முறை. புதிதாகக் கற்பவருக்குப் பெயரே பாதி விளக்கத்தைத் தந்துவிடும்.