சுழல் இறக்கையிலிருந்து நிலை இறக்கைக்கு

போர்க்களத்தில் குண்டுமாரிக்கிடையே ஹெலிகாப்டரைச் செலுத்திய ஒருவர், அமைதிக் காலத்தில் பயணிகள் விமானத்தைச் செலுத்த முன்வந்தால், அவரை இரு கை நீட்டி வரவேற்பார்கள் என்றே நாம் எண்ணுவோம். அமெரிக்க நாட்டின் வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது.

1965 முதல் வியத்நாம் யுத்தத்தில் அமெரிக்கத் தரைப்படை ஹெலிகாப்டரையே பெரிதும் நம்பியிருந்தது. சாலையற்ற காடுகளில் வீரர்களை இறக்கவும், காயமுற்றோரை மீட்கவும் அதற்கு நிகரான சாதனம் வேறில்லை. டெக்ஸாஸ் மாநிலத்து வோல்ட்டர்ஸ் கோட்டையில் தொடக்கப் பயிற்சியும், அலபாமாவின் ரக்கர் கோட்டையில் மேற்பயிற்சியும் பெற்று, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் களம் புகுந்தனர். அவர்களுள் பலர் கல்லூரியைக் காணாதவர்கள். 'வாரண்ட் ஆபீசர்' விமானியாவதற்கு உயர்நிலைப் பள்ளிப் படிப்பே போதுமாயிருந்தது.

ஊர் திரும்பியதும் அவர்கள் விமானக் கம்பெனிகளின் வாயிலில் நின்றனர். கம்பெனிகளோ பட்டதாரிகளை விரும்பின, "ஹெலிகாப்டர் இருக்கட்டும், விமானத்தில் எத்தனை மணி பறந்தீர்?" என்று வினவின. முன்னாள் வீரர்களின் விமானப் பயிற்சிக்கு அரசு பொருளுதவி செய்ய 1967ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்திருந்தது. அதைப் பற்றிக்கொண்டு சிலர் கரையேறினர். ஆயினும், 1973இன் எண்ணெய் நெருக்கடி விமானத் தொழிலையே தளர்வுறச் செய்தது. பலர் மெக்ஸிகோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்களிலேயே பிழைப்பைத் தேடிக்கொண்டனர்.

இது நன்றி மறந்த செயலா? அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. ஹெலிகாப்டர் வேகத்தை முற்றும் இழந்தும் அந்தரத்தில் நிற்க வல்லது. தரையிறங்குகையில் அதன் மூக்கை உயர்த்தி, வேகத்தைக் குறைத்து, நின்றவாறே இறங்கலாம். விமானத்துக்கோ வேகமே உயிர். வேகம் தாழ்ந்த வேளையில் மூக்கை மேன்மேலும் உயர்த்தினால் இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். மூக்கைத் தாழ்த்தினாலன்றி மீட்சியில்லை. ஓரிடத்தில் உயிர் காத்த பழக்கம் மற்றோரிடத்தில் உயிர் பறிக்கக்கூடும்.

2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகரருகே ஒரு பயணிகள் விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். வேகம் குன்றி எச்சரிக்கை எழுந்தபோது, தலைமை விமானி மூக்கைத் தாழ்த்தாமல் உயர்த்தினார். அவர் ஹெலிகாப்டரிலிருந்து வந்தவரல்லர், விமானத்திலேயே பயின்றவர். அவருக்கே அக்கணத்தில் கை பிழைத்ததெனில், வேறு பழக்கத்தில் ஊறிய கைக்குப் பயிற்சி எத்துணை இன்றியமையாதது!

அவ்விபத்தின் விளைவாக 2013இல் புதிய விதி வந்தது. அதுவரை ஏறக்குறைய 250 மணி நேர அநுபவத்துடன் துணை விமானியாகலாம் என்றிருந்தது, 1,500 மணியாக உயர்ந்தது. இராணுவ விமானிகளுக்கு மட்டும் 750 மணி போதும் என்று விலக்களிக்கப்பட்டது. ஹெலிகாப்டரில் பறந்த நேரமும் அக்கணக்கில் சேர்ந்தது. ஆயின், விமானத்தில் 250 மணி நேரமேனும் பறந்திருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை நீங்கவில்லை.

விதி கடுமையாகவே விமானிகள் அருகினர்; அருகவே, கம்பெனிகளின் பார்வை ஹெலிகாப்டர் வீரர்மீது திரும்பியது. சில ஆண்டுகளுக்குள், சிறு நகரங்களை இணைக்கும் கம்பெனிகள் பல, குறைபடும் மணிகளுக்கான பயிற்சிச் செலவில் பங்கேற்று அவர்களை அழைத்துக்கொண்டன. தந்தையர் தலைமுறைக்கு அடைபட்டிருந்த கதவு, மக்கள் தலைமுறைக்கு இவ்வாறு திறந்தது.

நம் நாட்டு விமானப் படையிலும் 1954 முதல் ஹெலிகாப்டர்கள் தொண்டாற்றி வருகின்றன. இங்கும் ஹெலிகாப்டருக்கு ஓர் உரிமம், விமானத்துக்கு வேறோர் உரிமம். இந்த வேற்றுமையை அழிப்பது அறிவுடைமையன்று. பயணிகளின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால், அதைக் கடக்கும் பாலத்தை வீரன் தன் கைப்பொருள் கொண்டே கட்டிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுவதும் முறையன்று. நாட்டுக்காகப் பறந்தவனுக்குச் செய்யும் மரியாதை, பயிற்சியைக் குறைப்பதில் இல்லை. அப்பயிற்சியை அவனுக்கு எட்டச் செய்வதில் இருக்கிறது.