எடுத்த கூடும் கிடந்த கூடும்: தோட்டாவின் வரலாற்றில் ஒரு சிக்கல்

தோட்டா என்னும் சொல் நம் வழக்கில் முழுப்பொருளையும் குறிக்கும். குண்டு, வெடிமருந்து, மருந்தைப் பற்றவைக்கும் குமிழ், இம்மூன்றையும் தாங்கும் உலோகக் கூடு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. சுட்டபின் குண்டு பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், குமிழ் பயனற்றுப்போகும், கூடு ஒன்றே எஞ்சும். அக்கூட்டைச் சுட்டவன் குனிந்து எடுத்தானா, விழுந்த இடத்தில் விட்டுச்சென்றானா என்பது வரலாற்றாசிரியன் கவலைப்படத் தகாத சிறுசெய்தி போலத் தோன்றும். ஆயினும், போர்க்களத்து மண்ணைத் துருவி வரலாறு எழுதும் முறை வளர்ந்துள்ள இந்நாளில், அச்சிறுசெய்தியைப் புறக்கணித்தல் பிழைபட்ட முடிபுகட்கு இடந்தரும் என்பது எம் கருத்து. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1876ஆம் ஆண்டு நிகழ்ந்த லிட்டில் பிக்ஹார்ன் போரைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் கூட்டின் அருமையை அறிதல் வேண்டும். செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த பித்தளைத் தகட்டினின்று வட்டவில்லை வெட்டி, அதனை அச்சிலிட்டுப் பன்முறை அழுத்தி இழுத்துக் குழாயாக்குவர். ஒவ்வோர் இழுப்பிலும் உலோகம் விறைத்துப்போதலின், இடையிடையே காய்ச்சி இளக்குவர். ஈயக் குண்டை எவரும் அடுப்பில் உருக்கி வார்க்கலாம். கருமருந்தை வணிகனிடம் வாங்கலாம். கூட்டையோ ஆலையன்றிப் பிறிதோரிடத்துச் செய்தல் அரிது. எனவே, சுட்ட கூட்டிற்குப் புதுக் குமிழும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் மீண்டும் வழங்கும் வழக்கம் தோன்றியது இயல்பே. கூடு தேய்ந்தபின்னும் பழம்பித்தளையாக விலைபோகும். நம் நாட்டுக் காவற்படைப் பயிற்சிக் களங்களிலும் சுட்ட கூடுகளை எண்ணி ஒப்படைக்கும் முறை உண்டென்பதை இவ்விடத்து நினைவுகூரலாம்.

ஆயின், எல்லாக் கூடுகளும் இவ்வாறு மீளப் பயன்படுவன அல்ல. ஒருவகைக் கூட்டில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்பின் மடிப்புக்குள்ளேயே பரவியிருக்கும். சுத்தி விளிம்பில் அடித்தவுடன் அது தீரும். மீள இடுதல் கூடாது. மற்றொரு வகை பிலடெல்பியாவிலிருந்த பிராங்க்போர்டு படைக்கலச் சாலையில் செய்யப்பட்ட செம்புக் கூடு. அதில் குமிழ் உள்ளே புதைந்து, வெளியே அடிப்பக்கத்துச் சுவரில் இட்ட நெருக்குகளால் பிணிக்கப்பட்டிருக்கும். இதுவும் ஒருமுறைக்கே உரியது. இதனை அமைத்தவர் ஸ்டீவன் வின்சென்ட் பெனே என்னும் படைத்துறை அலுவலர். அமெரிக்க இலக்கியம் பயின்றோர் அறிந்த அதே பெயருடைய கவிஞர் இவர்தம் பேரனார்.

மூன்றாம் வகையே மீள நிரப்புதற்கு ஏற்றது. இதில் குமிழ் அடிப்பாகத்து நடுவில் தனியே பொருந்தியிருக்கும். இங்கிலாந்தில் ஊலிச் படைக்கலச் சாலையைச் சார்ந்த பாக்சர் என்பாரும், அமெரிக்காவில் பெர்டன் என்பாரும் 1866ஆம் ஆண்டில் இவ்வமைப்பிற்குத் தனித்தனியே உரிமம் பெற்றனர். பாக்சர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருத்தலின், ஓர் ஊசியை உள்ளே செலுத்திப் பழங்குமிழை எளிதில் தள்ளிவிடலாம். பெர்டன் முறையில் நடுவே சிறு பட்டடை கூட்டோடு ஒன்றி நிற்க, துளைகள் அதன் பக்கங்களில் அமையும். குமிழைக் கழற்றுதல் தொல்லை. ஆங்கிலேயர் கண்ட முறை அமெரிக்காவிலும், அமெரிக்கர் கண்ட முறை ஐரோப்பாவிலும் நிலைபெற்றன. அமெரிக்க மண்ணில் கூடு சேர்க்கும் வழக்கம் இன்றும் வேரூன்றி நிற்றற்குப் பாக்சர் குமிழும் ஒரு காரணம் எனலாம்.

1870களில் அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடி அதன் தோலை விற்றோர் இக்கூடுகளை உயிர்போலப் போற்றினர். பகலெல்லாம் சுட்ட கூடுகளை இரவில் பாசறைத் தீயினருகே அமர்ந்து நிரப்புதல் அவர்தம் தொழிலில் ஒரு பகுதி. வீழ்ந்த விலங்கின் உடலினின்று ஈயக்குண்டை அகழ்ந்தெடுத்து மறுபடி உருக்கியோரும் உண்டு. அரசுப் படையோ அந்நாளில் பெனே செய்த செம்புக் கூட்டையே வழங்கிற்று. வீரர்க்குக் கூடு சேர்க்கும் தேவை இல்லை. மீள நிரப்பத்தக்க கூடுகளும் அதற்குரிய கருவிகளும் படையினர்க்கு வழங்கப்பெற்று, குறிபார்க்கும் பயிற்சிக்குப் படைப்பிரிவினரே தோட்டா நிரப்பும் நிலை 1880களில்தான் வந்தது.

இவ்விருவரினும் கூட்டின் அருமையை மிக உணர்ந்தவர் லகோட்டா, ஷெயன் முதலிய தொல்குடியினர். துப்பாக்கி அவர்பால் இருந்தது. தோட்டா ஆலை இல்லை. லிட்டில் பிக்ஹார்ன் போர் 1876ஆம் ஆண்டு ஜூன் 25, 26 ஆகிய நாட்களில் நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பகைமை பூண்ட குடியினர்க்கு உலோகத் தோட்டா சென்று சேராவாறு தடைசெய்யும் அதிகாரத்தை அமெரிக்கப் பேரவை குடியரசுத்தலைவர்க்கு அளித்தது. இத்தகைய தடையின் முன் ஒரு வெற்றுக்கூடு வெறும் பித்தளையாக இராது. அதுவே ஒருவனது வேட்டையும் காவலுமாகும். ரிச்சர்டு இர்விங் டாட்ஜ் என்னும் படைத்தலைவர் 1882இல் வெளியிட்ட தம் நூலில், தொல்குடியினர் சுட்ட கூட்டின் அடியில் துளையிட்டு, கேப்பு என நாம் வழங்கும் சிறு செப்புக்குமிழை அதில் அழுந்தப் பொருத்தி, மருந்தும் ஈயமும் இட்டு மீள வழங்கிய திறத்தைப் பதிவுசெய்துள்ளார். அந்நூலில் அம்மக்களைப் பற்றிய அவர்தம் கருத்துகள் பல ஏற்கத்தக்கன அல்ல. எனினும் கைத்தொழிலைக் கண்டு கூறும் இப்பகுதி மதிக்கற்பாலது.

இனிப் போர்க்களத்திற்கு வருவாம். கஸ்டர் என்பார் தலைமையில் ஏழாம் குதிரைப்படையின் ஐந்து பிரிவினர், ஏறத்தாழ 210 பேர், ஒருவரும் தப்பாது மடிந்தனர். அவர்தம் இறுதி நேரத்தைக் கூறும் படைச்சான்று இல்லாமையால், அந்நாள் தொட்டு ஓவியமும் கதையுமே அவ்விடத்தை நிரப்பிவந்தன. 1983ஆம் ஆண்டில் அக்களத்துப் புல்வெளி தீக்கிரையாயிற்று. மண் வெளிப்படவே, 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு ஃபாக்ஸ் ஆகியோர் உலோகங்காணும் கருவிகொண்டு களத்தைத் துருவினர். ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன. கிடந்த இடத்தை அளந்து குறித்தபின்னரே ஒவ்வொன்றையும் எடுத்தனர். கொலைவழக்கில் துப்பறிவோர் கையாளும் முறையில், கூட்டின்மீது சுத்தி பதித்த வடுவை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்குச் சென்றதெனவும் வரைந்துகாட்டினர். ஃபாக்ஸ் தொல்குடியினர் வாய்மொழிகளையும் துணைக்கொண்டு, 1993இல் வெளிவந்த தம் நூலில், படையினர் இறுதிவரை ஒன்றுகூடி நின்று பொருதிலர், ஒழுங்கு குலைந்தே மாண்டனர் என நிறுவினார். படைக்கூடுகள் அருகியே கிடைத்தமை அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று.

இம்முறையின் சிறப்பை யாம் ஒப்புகின்றோம். ஐயம் எழுமிடம் வேறு. ஒவ்வொரு குதிரைவீரனும் பெற்ற துப்பாக்கித் தோட்டா 100. கைத்துப்பாக்கித் தோட்டா 24. 210 பேர்க்கும் கணக்கிட்டால் துப்பாக்கித் தோட்டா மட்டும் 21,000 ஆகும். அவற்றுள் பல சுடப்படாமலே வென்றோர் கைப்பட்டன. சுடப்பட்ட படைக்கூடுகள் மீள நிரப்ப ஏலாத செம்புக் கூடுகளாதலின், அவற்றைப் பயன் கருதி எடுப்பார் அரியர். நினைவுப்பொருள் தேடி வந்தோரே எடுத்திருத்தல் கூடும். ஆகவே ஃபாக்ஸின் முடிபைக் கூடு சேர்க்கும் வழக்கம் பெரிதும் தாக்காது. தாக்குவது மறுபக்கத்துக் கணக்கை.

தொல்குடியினர் ஏந்திய படைக்கலங்களுள் ஹென்றி, 1866ஆம் ஆண்டு வின்செஸ்டர் ஆகிய தொடர்துப்பாக்கிகளின் கூடுகள் மிகுந்து காணப்பட்டன. அதுகொண்டு தொடர்துப்பாக்கியே போரை வென்றது எனப் பலரும் எழுதிவிட்டனர். ஆனால் அவை விளிம்பில் மருந்துடைய கூடுகள், மீள நிரப்பலாகாதவை. அத்துப்பாக்கியின் நெம்பை அசைத்தவுடன் கூடு தானே வெளியே தெறித்து வீழும். ஒற்றைத்தோட்டா ஷார்ப்ஸ் முதலியவற்றில் கூட்டைக் கையால் எடுத்துப் பையிலிடுதல் எளிது, அக்கூடுகளோ விலைமதிப்புடையன. போர் முடிந்தபின் களம் முழுதும் வென்றோர் வசமிருந்தது. மடிந்தோரின் படைக்கலமும் தோட்டாவும் அவர்களால் எடுக்கப்பட்டன. அவ்வேளையில் நிரப்பத்தக்க கூடுகள் கண்ணுக்குத் தப்பியிருக்கும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. வாய்வழி மருந்திடும் பழந்துப்பாக்கியோ கூடு என ஒன்றையும் மண்ணில் விடுவதில்லை. எனவே மண் காட்டும் விழுக்காடு ஏந்திய கருவிகளின் விழுக்காடன்று.

இன்னுமொரு நுண்செய்தி உண்டு. விளிம்பு மருந்துக் கூட்டிலும் பெனேயின் செம்புக் கூட்டிலும் சுத்தியின் வடு கூட்டின் உடலிலேயே பதியும். நிரப்பத்தக்க கூட்டில் அது குமிழ்மீது பதியும்; குமிழ் மாற்றப்படுந்தோறும் அவ்வடுவும் போய்விடும். ஒருமுறை எறியப்படுவது தன்னைச் சுட்ட கருவியைத் தெளிவாகக் காட்ட, பலமுறை உழைத்தது இறுதியாகச் சுட்டதையே காட்டுகின்றது. ஆய்வுமுறையே எறிந்த கூட்டின் பக்கம் சாய்கின்றது.

சேர்த்துவைத்த கூடும் என்றும் நிலைத்ததன்று என்பதற்கு நம் நாட்டுச் சான்று ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்துப் படையினர் மழைப்பருவத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமே பிளந்துபோயின. பருவத்தில் நேர்ந்ததால் அதனைப் பருவப்பிளவு எனப் பெயரிட்டனர். குதிரைச் சிறுநீரினின்று எழும் அம்மோனியா, இழுத்துச் செய்த பித்தளையில் எஞ்சிநின்ற இறுக்கத்தோடு கூடி அதனைப் பிளக்கின்றது என்னும் உண்மை 1921இல்தான் விளக்கப்பட்டது. பழங்குமிழ்களிலிருந்த பாதரசமும், புகையிலா மருந்து வழக்குற்றபின், பித்தளையை நொறுங்கச் செய்து மீள நிரப்புதற்குத் தகாததாக்கிற்று. இவ்வாறு கெட்ட கூடுகள் உருக்குலைக்குச் சென்று வேறு பண்டமாயின.

ஆகலின் களத்தாய்வாளர் கூடுகளை எண்ணுமுன் அவற்றை நிரப்பத்தக்கன, தகாதன என இரண்டாகப் பகுத்தல் வேண்டும். அடுத்துக் கூடுகளின் தொகையை அதே வகைக் குண்டுகளின் தொகையோடு ஒப்பிடல் வேண்டும். இலக்கருகே புதைந்த குண்டைப் போர்முனையில் எவரும் தேடித் திரட்டார். ஒரு வகையில் குண்டு மிக்கும் கூடு குறைந்தும் காணப்படின், அங்கே குனிந்து எடுத்த கை ஒன்று உண்டெனத் துணியலாம். கூட்டை இழுத்து வெளியேற்றும் பல், ஒவ்வொரு முறையும் விளிம்பில் ஒரு கீறல் இடும். குமிழ் மாறினும் அக்கீறல் மாறாது. வேறுவேறு துப்பாக்கிகளின் கீறல் தாங்கிய கூடோ, டாட்ஜ் கூறியவாறு அடியில் கையால் துளைக்கப்பட்ட கூடோ கிடைக்குமாயின், அதனைத் தனியே வைத்து முதலில் ஆராய்தல் தகும்.