கடையில் திருட்டுக் குற்றச்சாட்டு: சட்டம் என்ன சொல்கிறது? குடும்பத்தார் என்ன செய்ய வேண்டும்?

பெருநாள் நெருங்கும்போது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் கடைவீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில் நம் வீட்டுப் பெண்ணையோ பிள்ளையையோ 'பொருளை எடுத்துவிட்டார்' என்று கடைக்காரர் நிறுத்திவைத்தால், மானம் போய்விடுமே என்ற பதற்றத்தில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தக் கையெழுத்தே பின்னால் நமக்கு எதிரான சாட்சியமாகலாம்.

தண்டனை என்ன?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 303ஆம் பிரிவின்படி திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் உண்டு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், சமூக சேவைதான் தண்டனை. இத்தகைய வழக்கில் வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது, ஜாமீனும் உரிமை.

பொருட்களைப் பாதுகாக்கும் கட்டடத்தில் திருடியதாக 305ஆம் பிரிவு போடப்பட்டாலோ, தோல், ஷூ கம்பெனித் தொழிலாளி முதலாளியின் பொருளை எடுத்ததாக 306ஆம் பிரிவு போடப்பட்டாலோ, 7 ஆண்டுகள் வரை சிறை. 5,000 ரூபாய் சலுகை கிடையாது. எனவே எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கி, எந்தப் பிரிவு என்பதை முதலில் பாருங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

* வாக்குவாதம், தள்ளுமுள்ளு வேண்டாம். பில் இருந்தால் காட்டுங்கள். நேர்மையற்ற எண்ணம் இருந்தால்தான் அது திருட்டு. மறதி திருட்டு ஆகாது.
* குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதத்திலோ வெற்றுத்தாளிலோ கையெழுத்திட வேண்டாம்.
* பெண்ணைப் போலீஸ் சோதனையிட வேண்டுமானால், கண்ணியம் காத்து ஒரு பெண்தான் சோதனையிட வேண்டும்.
* கடையில் பிடித்துவைத்து அடிக்கவோ மிரட்டிப் பணம் பறிக்கவோ யாருக்கும் அதிகாரமில்லை. பொதுமக்கள் ஒருவரைப் பிடிக்கச் சட்டம் இடம் தரும் வழக்கிலும், தாமதமின்றி, அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும்.
* கைதானால் காரணத்தைச் சொல்லி, உறவினருக்குத் தகவல் தந்து, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம்.

18 வயதுக்குக் கீழ் என்றால்

பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். சிசிடிவி படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சமரசம் எங்கே செய்வது?

303ஆம் பிரிவு வழக்கில் பொருளின் உரிமையாளர் சமரசம் செய்துகொள்ளலாம். ஜமாஅத் பெரியவர்கள் பேசி முடித்தாலும், எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால் அதை நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவானால் விடுதலைக்குச் சமம். வாய்ப்பேச்சோடு விட்டால் வழக்கு நிலுவையில் நின்று, வளைகுடா வேலைக்கான பாஸ்போர்ட், போலீஸ் சான்றிதழ் பெறும்போது தடையாகலாம். 'சமூக சேவைதானே' என்று அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், அதுவும் தண்டனைதான்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்கள், பிள்ளைகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. 15100 என்ற எண்ணை அழையுங்கள்.