எண்ணெய்க் கசடும் எஞ்சின் கழுவலும்

மாட்டு வண்டி ஓடிய ஊர்களில் பிறந்து, இன்று வெளி மாநிலங்களில் வாழ்கின்ற நேயர்கள் பலர் வண்டி மையை மறந்திருக்க மாட்டார்கள். வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கிற் குழாயில் அடைத்து, வண்டியின் அடியிலே தொங்கவிட்டிருப்பார்கள். அச்சுக்கு மை போடும் நாளில் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை நகர்த்தி, பழைய மையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய மையை இடுவது வழக்கம். பழையதன் மேலேயே புதியதைப் பூசினால், அதில் ஒட்டியிருக்கும் மணலும் தூசியும் அச்சை அராவித் தேய்த்துவிடும் என்பதை அந்த வண்டிக்காரர் எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருந்தார்.

மாட்டு வண்டி போய் மோட்டார் வண்டி வந்தது. ஆயினும், பழையதைச் சுரண்டிய பிறகே புதியதை இட வேண்டும் என்ற எண்ணம் போகவில்லை. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடியிருக்கும் நம்மவர் ஒருவர், பொங்கலுக்கு ஊர் செல்லுமுன் தம் காரின் எண்ணெயைத் தாமே மாற்ற நினைத்துக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் எண்ணெய் டப்பாவுடன் மற்றொரு சிறு டப்பாவையும் எடுத்து வைக்கிறார். "இதைப் பழைய எண்ணெயில் ஊற்றிப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள், உள்ளே உள்ள அழுக்கெல்லாம் கழுவிக்கொண்டு வந்துவிடும்" என்கிறார். எஞ்சின் ஃபிளஷ் என்பது அதன் பெயர். விலை பெரிதன்று. ஆனால், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரம் மனைவி மக்களைச் சுமந்து செல்லப் போவது அந்த எஞ்சின். ஆகையால் அது தேவைதானா என்ற கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. இதற்கு விடை காண, எஞ்சின் எண்ணெயின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் என்ற ஊரருகே எட்வின் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டி வெற்றி கண்டார். அக்காலத்தில் உலகம் நாடியது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயை. இயந்திரங்களுக்கு உயவிடும் கனத்த எண்ணெய், மண்ணெண்ணெயை வடித்தபின் எஞ்சியதிலிருந்து கிடைத்தது. நம் நாட்டிலே அஸ்ஸாமின் டிக்பாயில் 1889இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1901இல் அங்கே சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அந்த ஆலை இன்றும் இயங்கி வருகிறது.

மோட்டார் வண்டியின் தொடக்க நாட்களில் தாவர எண்ணெய்க்கும் மதிப்பு இருந்தது. இங்கிலாந்தில் 1899இல் எண்ணெய் வாணிகம் தொடங்கிய சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர், 1909இல் ஆமணக்கெண்ணெய் கலந்த எண்ணெய் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆமணக்கின் ஆங்கிலப் பெயரைத் தழுவி அதற்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தார். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில், சுழல் எஞ்சின் பூட்டிய விமானங்கள் ஆமணக்கெண்ணெயிலேயே பறந்தன. மாட்டு வண்டியின் அச்சுக்கு உதவிய அதே எண்ணெய் வானத்திலும் உதவியது! ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. சூட்டில் நெடுநேரம் இருந்தால் அது பிசின்போல் இறுகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஆகவே, அடிக்கடி பிரித்துத் துடைக்க வேண்டியிருந்தது.

கனிம எண்ணெயிலும் கசடு இல்லாமல் இல்லை. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு டி மாடல் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சினில் எண்ணெய் பம்பும் கிடையாது; வடிகட்டியும் கிடையாது. சுழலும் பாகங்கள் எண்ணெயை வாரி இறைக்க, அந்தத் தெறிப்பிலேயே உறுப்புகள் நனைய வேண்டும். எரியாத பெட்ரோல், புகைக்கரி, எரிதலில் பிறக்கும் நீராவி, சாலைத் தூசி யாவும் அடித்தொட்டியில் சேர்ந்து சேறாகும். எனவேதான் அக்காலத்துக் கைந்நூல்கள், பழைய எண்ணெயை வடித்தபின் ஒரு காலன் மண்ணெண்ணெயை ஊற்றி, எஞ்சினைக் கையால் பலமுறை சுற்றி, அலசி, முற்றும் வடித்துவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றுமாறு கூறின. அந்நாளில் அது மூட நம்பிக்கையன்று. அறிவார்ந்த முறையே ஆகும். எண்ணெய்க்கு அழுக்கைச் சுமக்கும் ஆற்றல் இல்லாதபோது, அழுக்கைக் கழுவ வேறொரு திரவம் தேவைப்பட்டது.

நிலைமையை மாற்றிய முன்னேற்றங்கள் நான்கு. முதலாவது வடிகட்டி. 1920களின் தொடக்கத்தில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்டு என்பவர் கார் எண்ணெய்க்கான வடிகட்டி ஒன்றை உருவாக்கினார். 1924இல் வெளிவந்த கிரைஸ்லர் கார் மாற்றத்தக்க வடிகட்டியுடனேயே வந்தது. இன்று நாம் கையால் திருகிக் கழற்றும் வடிகட்டி 1950களில் பிறந்தது.

இரண்டாவது, எண்ணெயிலேயே கலக்கப்பட்ட அழுக்கு நீக்கி. இதன் கதை சுவையானது. 1930களில் கேட்டர்பில்லர் நிறுவனம் தன் டிராக்டர்களில் டீசல் எஞ்சினைப் பொருத்தியபோது, பிஸ்டன் வளையங்கள் பள்ளங்களிலேயே ஒட்டிக்கொண்டு வேலை செய்ய மறுத்தன. கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு எண்ணெய் நிறுவனத்துடன் சேர்ந்து ஆராய்ந்து, எண்ணெயில் உலோகச் சவர்க்காரம் ஒன்றைக் கரைத்துப் பார்த்தார்கள். வளையங்கள் ஒட்டுவது குறைந்தது. துணிக்குச் சோப்பு எப்படியோ, எஞ்சினுக்கு இந்தச் சேர்மம் அப்படி. இரண்டாம் உலகப் போரில் படை வண்டிகளுக்கு இவ்வகை எண்ணெயே வேண்டும் என இராணுவங்கள் கேட்டன. போருக்குப் பின் அது ஊர்வண்டிகளுக்கும் வந்தது. பின்னர் 1950களில், மென்மையான கசட்டையும் நுண்துகளாகவே வைத்திருந்து, ஒன்றோடொன்று சேரவிடாமல் மிதக்கச் செய்யும் மற்றொரு வகைச் சேர்மமும் வந்தது.

மூன்றாவது, எஞ்சினின் மூச்சு. பிஸ்டனைத் தாண்டி அடித்தொட்டிக்கு இறங்கும் புகையும் ஈரமும் முற்காலத்தில் ஒரு குழாய் வழியே வெளியேறின. வண்டி வேகமாக ஓடினால்தான் அக்குழாய் இழுக்கும். நகரத்து நெரிசலில் நின்று நின்று போனால் ஈரம் உள்ளேயே தங்கிக் கசடாகும். இந்தப் புகையை எஞ்சினே உறிஞ்சி எரித்துவிடும் வால்வு, 1961ஆம் ஆண்டின் மாடல்களிலிருந்து கலிபோர்னியாவிலும், 1963இலிருந்து அமெரிக்கா முழுவதிலும் இடம்பெற்றது. காற்று மாசைத் தடுக்க வந்த அந்த ஏற்பாடு எஞ்சினின் வயிற்றையும் தூய்மையாக்கியது.

நான்காவது, எரிபொருள். பழைய கார்புரேட்டர், குளிர்ந்த எஞ்சினுக்கு அளவுக்கு மிஞ்சிப் பெட்ரோலை ஊட்டும். மிஞ்சியது சுவரில் வழிந்து எண்ணெயில் கலக்கும். இன்றைய எஞ்சின்கள் கணக்காக அளந்து பீச்சுகின்றன. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு எரிபொருளில், கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கந்தகம் குறைந்ததால் எண்ணெயைக் கெடுக்கும் அமிலமும் குறைந்தது.

இந்த நான்கையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். முன்பு மண்ணெண்ணெய் எப்போதோ ஒரு நாள் செய்த கழுவலை, இன்று எண்ணெயே ஒவ்வொரு நிமிடமும் செய்து வருகிறது. புதிய எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்துப் போவதைக் கண்டு பலர் கலங்குகிறார்கள், கலங்க வேண்டியதில்லை. அழுக்கைச் சுவரில் படியவிடாமல் தானே சுமந்து நிற்பதால்தான் அது கறுக்கிறது. உரிய காலத்தில் அதை வடித்தால் சுமையும் உடன் வெளியேறும். ஆகவே, ஒழுங்காக எண்ணெயும் வடிகட்டியும் மாற்றப்பட்டு வரும் காருக்குத் தனிக் கழுவல் வேண்டியதில்லை.

வேண்டாதது தீங்கும் செய்யுமா? சில வேளைகளில் செய்யும். கழுவு திரவங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயை ஒத்த மெல்லிய கரைப்பானும் அழுக்கு நீக்கியும் சேர்ந்தவை. அவை பழைய எண்ணெயை நீர்த்துப் போகச் செய்வதால் பேரிங்குகளைத் தாங்கும் எண்ணெய்ப் படலம் மெலிகிறது. வடித்த பிறகும் அவற்றில் ஒரு சிறு பங்கு மூலை முடுக்குகளில் தங்கிப் புதிய எண்ணெயோடு கலக்கிறது. இவற்றினும் பெரிய ஆபத்து, கசடு மண்டிய பழைய எஞ்சினில் உண்டு.

நாக்பூரில் நாங்கள் குடியிருந்த காலத்தில் பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்கினார். முன்பு வைத்திருந்தவர் எண்ணெயை எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாற்றினார் என்பது தெரியாது. ஊர் செல்லுமுன் உள்ளே தூய்மையாக இருக்கட்டும் என்று கழுவு திரவத்தை ஊற்றி, வடித்து, நல்ல எண்ணெயாகவே ஊற்றினார். நூறு கிலோமீட்டர் கடப்பதற்குள் எண்ணெய் அழுத்த விளக்கு சிவப்பாக எரிந்தது. நல்ல வேளையாக, அவர் அக்கணமே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார். பட்டறையில் அடித்தொட்டியை இறக்கிப் பார்த்தபோது, கரையாமல் பெயர்ந்து வந்த கசட்டுப் பாளங்கள் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்திருந்தன. இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் பேரிங் பிடித்து எஞ்சினே போயிருக்கும். பத்தாண்டுக் கசட்டைப் பத்து நிமிடத்தில் கரைக்க எண்ணியதன் விளைவு அது. டர்போ பொருத்திய எஞ்சின்களிலோ, எண்ணெய் செல்லும் குழாய் மிக மெல்லியது; அங்கே ஒரு துணுக்கு அடைத்தாலும் பெருஞ்செலவு.

அப்படியானால் பழைய கார் வாங்கியவர் என்ன செய்வது? எஞ்சினின் தலைமேல் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தேன் நிறத்தில் மெல்லிய பூச்சு மட்டும் தெரிந்தால் கவலையில்லை. நம் வண்டி மையைப் போலக் கருங்களிம்பாக அப்பியிருந்தால் அவசரம் வேண்டாம். தயாரிப்பாளர் கூறிய தரத்தில் நல்ல எண்ணெயும் புதிய வடிகட்டியும் இட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்குள் மீண்டும் இரண்டையும் மாற்றுங்கள். இவ்வாறு இரண்டு மூன்று முறை செய்தால் புதிய எண்ணெயே கசட்டைச் சிறிது சிறிதாகக் கரைத்து வெளியே கொணரும். கசடு மிகுதியாயின், மெக்கானிக்கைக் கொண்டு அடித்தொட்டியை இறக்கிச் சல்லடையோடு கையால் துடைப்பதே நேரான வழி. அந்த வேலை முடியும்வரை நெடும் பயணத்தை ஒத்திவைப்பது நலம். குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கலந்து பால்போல் வெளுத்திருந்தால், அது கழுவித் தீரும் நோயன்று; கசிவை முதலில் அடைக்க வேண்டும். பழுது நீக்கிய பின்னர், மலிவான எண்ணெயை ஊற்றிச் சற்றே ஓடவிட்டு வடித்தால் எஞ்சிய நீரும் வெளியேறும். கழுவலுக்கு இன்றும் இடமுண்டு என்றால், அது இத்தகைய சமயங்களிலேதான்.

ஒழுங்காகப் பேணிய காரின் எண்ணெயைத் தாமே மாற்றுவோர்க்கு வேண்டியது எளிய முறையே. எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடியுங்கள். சூட்டில் எண்ணெய் இளகி, அழுக்கையும் கூட்டிக்கொண்டு ஓடி வரும். கடைசிச் சொட்டு வரை பொறுத்திருங்கள். வடிகட்டியையும், வடிதிருகின் வளையத்தையும் புதிதாக இடுங்கள். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது கணக்கு. தினமும் குறுந்தொலைவே ஓடி நெரிசலில் நிற்கும் வண்டிக்கு இன்னும் சீக்கிரமாக மாற்றுவது நல்லது. வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். அது சட்டப்படி தீங்கான கழிவு. மூடிய டப்பாவில் அடைத்து, பழைய எண்ணெயை முறையாகப் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

நேயர்களே! அச்சைச் சுரண்டிய வண்டிக்காரரும், மண்ணெண்ணெயால் அலசிய ஃபோர்டு வண்டிக்காரரும் தத்தம் காலத்தில் செய்தது சரியே. அவர்கள் பேணியது அழுக்கைத் தங்கவிடலாகாது என்ற நெறியை. சுரண்டலும் அலசலும் அந்நெறிக்கு அன்று வாய்த்த கருவிகள். நெறி இன்றும் நிற்கிறது, கருவி மாறிவிட்டது. சிறு டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில், அடுத்த எண்ணெய் மாற்றத்தை ஒரு மாதம் முன்னதாகச் செய்துகொள்வோமாயின், நம் வண்டி நம்மை ஊர் கொண்டு சேர்க்கும். பத்திரமாகத் திருப்பியும் கொண்டுவரும்.