டாங்கிப் பட்டையும் கடாரத்துச் செம்மண்ணும்

ஒரு லோரியின் அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தவர்களுக்கு மட்டுமே பரிச்சயமான பொருள்கள் சில உண்டு. அவற்றுள் மிகவும் எளியதும், அறுந்து விழுகிற நாள் வரையில் எவராலும் நினைக்கப்படாததும், எண்ணெய் டாங்கியைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டையே. இரண்டு விரல் அகலத்தில் ஒரு நீண்ட தகடு, ஒரு முனையில் கண், மறுமுனையில் மரையிட்ட தண்டும் நட்டும். அவ்வளவுதான் அதன் உருவம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டார் நகரை ஒட்டிய மெர்கோங்கில், தடுப்பணையின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கும் தொழிற்பேட்டையின் பக்கத்துப் பட்டறைகளில், இந்தப் பட்டை கழற்றப்படுவதையும் மாட்டப்படுவதையும் நான் மணிக்கணக்காக உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததுண்டு. பார்க்கப் பார்க்க, நம்மவர் கெடாவுக்கு வந்து உழைத்த சரித்திரத்தின் ஒரு கிளை இந்த அற்ப வஸ்துவுக்குள் சுருண்டு கிடப்பதாகவே எனக்குத் தோன்றலாயிற்று.

மோட்டார் வாகனம் பிறந்த காலத்தில் டாங்கிக்கும் பட்டைக்கும் இன்றைய இடம் வாய்த்திருக்கவில்லை. 1908-ல் வெளிவந்து 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு ‘டி’ மாடல் கார்களுள் மிகப் பெரும்பாலானவற்றில், பெட்ரோல் டாங்கி முன்னிருக்கைக்கு அடியில் இருந்தது. எண்ணெயை இழுத்துத் தரும் பம்பு அதில் இல்லாமையால், பெட்ரோல் தன் பாரத்தாலேயே வழிந்து கார்புரேட்டரை அடையவேண்டும். ஆகவே எண்ணெய் குறைந்திருக்கும் சமயத்தில் செங்குத்தான மேடு ஒன்று எதிர்ப்பட்டால், ஓட்டுகிறவர் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே ஏற்றிக்கொண்டு போவார். எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் எண்ணெய்ப் பம்பு பழக்கத்துக்கு வந்த பிறகு டாங்கி உயரத்தில் இருக்கவேண்டிய நிர்ப்பந்தம் நீங்கி, லோரிகளில் அது சட்டத்தின் பக்கவாட்டில் போய்த் தொங்கலாயிற்று. நிரப்புவதற்கும் கழற்றுவதற்கும் அது சௌகரியமான இடம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறு முதலில் போய் அப்புவதும் அந்த இடத்திலேதான்.

அப்படியானால் டாங்கியை நேரே சட்டத்தில் வைத்து முடுக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பாரம் ஏற்றிய லோரி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அதன் சட்டம் முறுக்கிக்கொள்ளும். மெல்லிய தகட்டால் ஆன டாங்கி அந்த முறுக்கலுக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் பொருத்துகளில் விரிந்துவிடும். இருநூறு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 170 கிலோ. அவ்வளவு பாரத்தை இறுகப் பற்றிக்கொள்ளவும் வேண்டும், அதே சமயம் இம்மியளவு இடங்கொடுக்கவும் வேண்டும் என்ற இரண்டு முரணான கடமைகளை ஏற்றுக்கொள்வதற்கென்றே பட்டையும், அதற்கும் டாங்கிக்கும் நடுவே வைக்கும் மெத்தையும் உண்டாயின.

பட்டை என்ற சொல்லும், இரும்பால் சுற்றிக் கட்டுகிற வித்தையும் நம்மவர்களுக்கு லோரியோடு வந்தவை அல்ல. தமிழ்நாட்டு மாட்டுவண்டிச் சக்கரத்தின் வட்டைகளைச் சுற்றிப் பூட்டியிருக்கும் இரும்பு வளையத்துக்கும் பட்டை என்றே பெயர். சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே குறைவாக வளையத்தை அடித்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, அது விரிந்திருக்கும் அந்தக் கணநேரத்துக்குள் நாலு பேர் குறடு பிடித்துத் தூக்கிச் சக்கரத்தில் இறக்கி, மரம் பற்றிக்கொண்டு எரிவதற்குள் தண்ணீரைக் கொட்டினால், இரும்பு சுருங்கி, ஆரக்கால்களையும் குடத்தையும் வட்டைகளையும் ஒன்றாகக் கவ்விக்கொள்ளும். ஆணி இல்லை, பசை இல்லை. எவ்வளவு குறைக்கவேண்டும் என்ற கணக்கு கொல்லன் கையில் இருந்தது, ஏட்டில் இருந்ததில்லை.

1909-ல் பாங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கையினால் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து ஆங்கிலேயரிடம் மாறியதும், அந்தக் காலத்தையொட்டியே கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் பீடோங்கிலும் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் மரங்கள் அணிவகுத்ததும், பால் வெட்டுவதற்காக நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய ஜனங்கள் பினாங்கில் இறங்கி இந்தத் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றதும் பலரும் எழுதிய விஷயங்கள். அந்த ஆரம்ப நாள்களில் மலாயா தோட்டங்களின் சரக்குகளை இழுத்தது மாட்டுவண்டி. அதை ஓட்டியவர்களில் தமிழர்கள் ஏராளம். வண்டி இருந்த இடத்தில் சக்கரம் பழுதாகும். சக்கரம் பழுதாகிற இடத்தில் கொல்லனும் தச்சனும் வேண்டும். 1915-ல் ரயில் அலோர் ஸ்டாரை எட்டிய பிறகும், தோட்டத்துப் பால் கொட்டகைக்கும் ரயிலடிக்கும் இடைப்பட்ட தூரம் வண்டியின் தூரமாகவே இருந்தது. அந்தத் தூரத்தைப் பின்னர் லோரி எடுத்துக்கொண்டபோது வண்டிக்காரனின் மகன் டிரைவரானான். கொல்லனின் மகன் ‘போமன்’ ஆனான். இந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஆங்கிலத்தில் வேலையாட்களுக்குத் தலைவன் என்று பொருள்படும் ‘ஃபோர்மேன்’, மலாய் ஜனங்களின் நாவில் ‘போமென்’ என்று குறுகி, மோட்டார் பழுது பார்க்கிற எவனுக்கும் உரிய பெயராகிவிட்டது. ஒரே ஆளாகத் தன் பட்டறையில் தானே கூட்டிப் பெருக்கி, தானே எண்ணெய்க் கையோடு நிற்கிறவனுக்கும் இங்கே தலைவன் என்றே பட்டம்!

யுத்தம் வந்தது. 1941 டிசம்பரில் ஜித்ராவில் நேர்ந்த தோல்விக்குப் பிறகு ஆங்கிலப் படை அலோர் ஸ்டாரைக் கடந்து தெற்கே ஓடிற்று. ஜப்பானியர் ஆட்சியில் பெட்ரோல் அருமையாகி, கரி வாயுவினாலும் ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயினாலும் லோரிகள் இருமிக்கொண்டு ஓடின. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட அந்த ஆண்டுகளில் டாங்கிப் பட்டையைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. ஒன்று மட்டும் சொல்லலாம், இல்லாத உதிரிப் பாகத்தை இருக்கிற இரும்பிலிருந்து அடித்தெடுக்கும் சாமர்த்தியத்துக்கு அன்றைய பட்டறைகளில் இருந்த மதிப்பு, அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

யுத்தத்துக்குப் பிந்தைய இருபது முப்பது ஆண்டுகளே பட்டைத் தொழிலின் பொற்காலம் என்பேன். பெட்ஃபோர்டு லோரிகளும், 1948-ல் பிறந்த லேண்ட் ரோவர்களும், சிறிது காலத்துக்குப் பிறகு ஜப்பானிய லோரிகளும் கெடாவின் சாலைகளில் நிறைந்தன. துரைமார் விரும்பி ஏறிய லேண்ட் ரோவரின் உடம்பு அலுமினியக் கலவையால் ஆனதாகையால் துருவுக்கு அஞ்சாதது. ஆனால் அந்த உடம்பைத் தாங்கும் சட்டமோ சாதாரண எஃகு. மேலே பளபளத்துக்கொண்டு அடியில் மக்கிப்போன லேண்ட் ரோவர்களைப் பார்த்துப் போமன்கள் சிரித்துக்கொண்டதில் வண்டியைப் பற்றிய விமர்சனம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

துரு இந்த மண்ணில் இவ்வளவு தீவிரமாக வேலை செய்வதற்குக் காரணங்கள் பல. தோட்டத்துச் சாலைகளின் செம்மண் மழை நாளில் பசைபோல் ஒட்டிக்கொண்டு வெயில் நாளிலும் ஈரத்தை விடாது. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஜாடிகள் லோரியில் தளும்பும். நெல்வயல்களுக்குப் போகும் அமோனியம் சல்பேட் உரத்தின் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரும்பைத் தின்னும். எல்லாவற்றையும்விடக் கொடியது கோலக் கெடாத் துறைமுகத்திலிருந்து வரும் மீன் லோரி, ஏனென்றால் பனிக்கட்டி உருகிய உப்பு நீர் வழியெல்லாம் சட்டத்தின் மேல் சொட்டிக்கொண்டே வரும்.

செம்மண்ணைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அதன் சிவப்பு வேறெதுவுமன்று, துருவேறிய இரும்பேதான். மெர்கோங்கிலிருந்து தெற்கே போனால் பீடோங்குக்கு அருகில் இருக்கும் சுங்கை பத்து என்னும் இடத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் நடத்திய அகழாய்வுகளில், இரும்பு உருக்கிய உலைகளும், துருத்திக் காற்றை உள்ளே செலுத்திய களிமண் ஊதுகுழாய்களும் ஏராளமாக வெளிப்பட்டன. அவற்றின் ஆதி வயதைப் பற்றி அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு. எனினும், 1025-ஆம் ஆண்டை ஒட்டி இராஜேந்திர சோழனின் கடற்படை ‘கடாரம்’ என்று இந்தக் கரையைத் தேடி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இங்கே உலைகள் எரிந்தன என்பதில் ஐயமில்லை. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த உலைக்காரர்கள் சிவந்த கல்லை இரும்பாக்கினார்கள். தோட்டத்து லோரியின் பட்டை பதினைந்தே ஆண்டுகளில் இரும்பைச் சிவந்த மண்ணாக்கிவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வண்டிச் சக்கரத்துப் பட்டை நாளெல்லாம் சேற்றிலும் கல்லிலும் உருண்டும் துருப்பிடித்து அழிவதில்லை, தேய்ந்துதான் அழியும். மெத்தையின் மேல் சுகமாகப் படுத்திருக்கும் டாங்கிப் பட்டையோ துருப்பிடித்தே சாகிறது, அதுவும் கண்ணுக்குத் தெரிகிற வெளிப்புறத்தில் அன்று, மெத்தையைத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்புறத்தில். முற்காலத்தில் கித்தானும் தோலும், பிற்காலத்தில் ரப்பரும் அந்த மெத்தைக்கு உபயோகப்பட்டன. இடுக்குக்குள் புகுந்த நீர் வெளியேற வழியில்லை. அங்கே பிராணவாயு குறைவாதலால் துரு ஏற்படாதென்று நாம் நினைத்தாலும், ரசாயனத்தின் நியாயம் வேறு: ஈர உலோகத்தில் காற்றோட்டமுள்ள பாகத்துக்கும் இல்லாத பாகத்துக்கும் இடையே நுண்ணிய மின்னோட்டம் உண்டாகி, காற்றில்லாத பாகமே பலியாகும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து நிற்பதால், பட்டை தளர்வதற்குப் பதிலாக முன்னைவிட இறுகிவிட்டதுபோலத் தோன்றும். தட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து போகிற டிரைவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மெர்கோங்கில் நான் உட்கார்ந்திருந்த பட்டறையின் பெரியவர் தட்டுவதில்லை. மெத்தையின் ஓரத்தை உளிமுனையால் நெம்பி உள்ளே பார்ப்பார்.

“என்னாண்ணே, இன்னும் ஆறு மாசம் தாங்குமா?” என்றான் ஒருநாள் ஓர் இளம் டிரைவர்.

“டாங்கி தாங்கும் தம்பி. பட்டை, நீ வீட்டுக்குப் போற வரைக்கும் தாங்குமான்னு கேளு” என்றார் அவர்.

பட்டை மாற்றுவது பெரிய வித்தையல்ல என்று சொல்வார்கள், சொல்கிறவர்கள் பார்த்ததில்லை. முதலில் டாங்கியிலுள்ள எண்ணெய் இயன்ற மட்டும் வடிக்கப்படும். பிறகு ஜேக்கின் தலையில் ஒரு மரப்பலகை வைத்து டாங்கியின் அடிவயிற்றில் பொருந்துமாறு உயர்த்தவேண்டும். பலகை இன்றி ஜேக்கை முட்டுக்கொடுத்தால் தகடு குழிந்துபோகும். நட்டுகளுக்கு முன்தினமே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டிருக்கவேண்டும். அதற்கும் அசையாதவற்றை அவசரக்காரன் நெருப்பு வைத்து அறுத்துவிடலாம் என்பான்; ஆனால் நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கியே அபாயகரமானது, ஏனெனில் எண்ணெய் போன பிறகும் அதன் ஆவி உள்ளே நிற்கும். பெரியவர் பட்டறையில் நட்டுகள் வாள்போட்டோ உளிகொண்டோ பிளக்கப்பட்டன. எரிகிற சிகரெட்டோடு எவனும் கிட்டே நெருங்க முடியாது. பழைய பட்டையைக் கழற்றித் தரையில் நிமிர்த்தி வைத்து, கண்ணிலிருந்து தண்டு வரை நூல் பிடித்து அளந்து, புதிய தகட்டை அந்த அளவுக்கு வெட்டி, டாங்கியின் மூலைகளுக்கு இசைய வளைத்து, செவ்வீயம் பூசிக் காயவிட்டு, பழைய டயரின் டியூபை நறுக்கி மெத்தையாக இட்டு மாட்டுவார். கெடா மரங்களின் பால் கப்பலேறிச் சீமைக்குப் போய், டியூபாகித் திரும்பி வந்து, இங்கே பட்டைக்கு மெத்தையாகிறது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் யுத்தத்துக்குப் பிறகு டியூபுகளில் பெரும்பாலானவை பெட்ரோலியத்திலிருந்து எடுத்த செயற்கை ரப்பரால் ஆனவையாகிவிட்டமையால் அந்த அழகிய வாக்கியத்தைக் கைவிடுகிறேன்.

ஒரு பட்டை அறுந்திருந்தாலும் இரண்டையும் மாற்றவேண்டும் என்பது பெரியவரின் சம்பிரதாயம். பழையதும் புதியதுமாய் இருந்தால் பாரம் ஒருபுறமாகச் சாயும். இரண்டு நட்டுகளையும் மாறி மாறி, ஒரு சுற்று இங்கே, ஒரு சுற்று அங்கே என்று அவர் முடுக்கும்போது, எவ்வளவு இறுக்கவேண்டும் என்பதை ஸ்பேனர் சொல்லவில்லை. அவர் மணிக்கட்டு சொல்லிற்று.

காலம் மாறிற்று. மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-ல் நிறைவேறி, ஏறக்குறைய 96,000 ஹெக்டேர் வயல்களில் இருபோகம் விளையத் தொடங்கியதும் நெல் லோரிகளின் ஓட்டம் பெருகிற்று. தெற்கே தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட, லயங்களை விட்டு வெளியேறியவர்கள் பட்டணங்களுக்கு வந்தார்கள். 1994 முதல் வாகனப் பரிசோதனையைப் புஸ்பகோம் நிறுவனம் ஏற்று, வர்த்தக லோரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் வாசலில் நிற்கவேண்டியதாயிற்று. அடிப்பகுதி அரித்துப்போன வண்டி பரிசோதனைக் குழிக்கு மேலே நின்று தப்பிக்க இயலாது. கடைகளில் துத்தநாகம் பூசிய பட்டைகள் வண்டியின் மாடலைச் சொன்னால் கிடைக்கின்றன. அடிக்கிறவர்கள் குறைந்து மாட்டுகிறவர்கள் மிகுந்துவிட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, துத்தநாகம் செவ்வீயத்தைவிட நன்றாகத்தான் உழைக்கிறது. ஆனால் மாடல் நின்றுபோன பழைய வண்டிக்குக் கடையில் பட்டை இல்லை. அப்போது டிரைவர் பெரியவரைத் தேடி மெர்கோங்குக்கே வரவேண்டும்.

அவருடைய பட்டறையின் பின்சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் கழற்றிய பழைய பட்டை ஒன்று, சுண்ணக்கட்டியால் ‘கே’ என்ற கெடாவின் எழுத்தும் வண்டி எண்ணும் எழுதப்பட்டுத் தொங்கிற்று. அவற்றுள் பல வண்டிகள் இரும்புக்கடைக்குப் போய் ஆண்டுகள் ஆகிவிட்டன. பின் எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “அதே ஜாதி வண்டி இன்னொண்ணு எங்கியாச்சும் ஓடிக்கிட்டுதான்யா இருக்கும்; வந்தா அளவு வேணுமில்ல?” என்றார். ஒரு பட்டையை அவர் ஆணியிலிருந்து எடுத்தபோது, வெள்ளையடித்த சுவரில் அது இருந்த இடத்தில், அதன் வளைவு மாறாமல் செம்மண் நிறத்தில் ஒரு தடம் இருந்தது. அவர் அதன் பக்கத்தில் நூலை வைத்து அளந்துகொண்டார்.