யாழின் அகடு

திருவண்ணாமலையிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது செங்கம். பத்துப்பாட்டில் செங்கண்மா என்று வருகிற நன்னனின் ஊர். அவன்மேல் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள்தான் மலைபடுகடாம். எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு அதைப் பாடம் நடத்துவதில் ஒரு வசதி உண்டு. மலையையும் சேயாற்றையும் விளக்கவே வேண்டாம், பேருந்து ஜன்னலில் தினமும் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். யாழை விளக்குவதுதான் பாடு. அந்த அடிகள் வந்ததும் வகுப்பில் ஓர் அடக்கிய சிரிப்பு எழும். ஏனென்றால் யாழைச் சொல்ல வந்த பாட்டு, ஒரு பெண்ணின் வயிற்றைச் சொல்லத் தொடங்கிவிடும்.

பொருநராற்றுப்படையிலும் இது உண்டு, இன்னும் நுட்பமாக. யாழின் பத்தல், அதாவது ஓசை நிறையும் குடைவான உடல், மான் குளம்பு பதிந்த தடம்போல இருக்கிறது என்கிறது அப்பாட்டு. ஈரமண்ணில் மான் போன தடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மண் மேடிட்டிருக்கும். நச்சினார்க்கினியரும் இரு பக்கம் தாழ்ந்து நடு உயர்ந்தது என்றே உரை சொல்கிறார். அதன்மேல் தோலைப் போர்த்தி, இரண்டு தலைப்பையும் கூட்டித் தைக்கிறார்கள். போர்த்திய தோலுக்கு உவமை, இளஞ்சூல் கொண்ட சிவந்த பெண்ணின் வயிறு. தையல் வரிக்கு உவமை, அவ்வயிற்றில் ஓடும் மெல்லிய மயிரொழுங்கு. மலைபடுகடாம் யாழின் ஓர் உறுப்பை 'உந்தி' என்றே அழைக்கிறது; அது அகட்டோடு அளவு பிறழாமல் பொருந்தியிருப்பதாகவும் சொல்கிறது.

அழகான உவமை என்று சொல்லி அடுத்த அடிக்குப் போவதுதான் வழக்கம். பொருநராற்றுப்படை அந்தச் சூலுக்கு முன்னால் வைத்த 'எய்யா' என்ற சொல்லில் நான் நின்றுவிடுகிறேன். எய்யாமை என்றால் அறியாமை என்கிறது தொல்காப்பியம். ஆக, அது பிறர் இன்னும் அறியாத சூல். ஊரறிந்த நிறைமாத வயிறு புலவருக்குக் கிடைக்காமலா போயிற்று? அதை விட்டுவிட்டு, பார்த்தால் தெரியாத, தொட்டால் தெரிகிற மேட்டை எடுத்திருக்கிறார். இதை அலங்காரம் என்று மட்டும் படித்தால் பாதி போய்விடும். இது ஓர் அளவு.

எவ்வளவு மேடு என்பது கருவி செய்கிற எவருக்கும் முதல் கவலை. கிதாரின் மேல்பலகை தட்டையானது என்றுதான் நினைக்கிறோம். அப்படிச் சொல்லி விற்கிற கிதார்களிலும் பெரும்பாலும் பலகை லேசாக வளைந்தே இருக்கிறது. 28 அடி ஆரமுள்ள ஒரு பெரிய கோளத்தின் சிறு துண்டுபோல வைத்தால், 15 அங்குல அகலத்தில் நடு எழுவது இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான். அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு வேலை. ஆறு எஃகுக் கம்பிகள் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேலான விசையில் இழுப்பதைத் தாங்கவேண்டும்; வறண்ட காலத்தில் மரம் சுருங்கும்போது வெடிக்காமல், கொஞ்சம் தாழ்ந்துகொடுக்க இடம் வேண்டும். மேட்டைக் கூட்டினால் பலகை விறைக்கும், உறுதி கூடும், அசைவு குறையும். குறைத்தால் தாராளமாக அதிரும், ஆனால் நாளடைவில் அமுங்கிப்போகலாம். அமெரிக்காவின் ஆர்வில் கிப்சன் வேறு வழி போனார். வயலின்போலப் பலகையையே மேடாகச் செதுக்கிக் கருவி செய்து 1898இல் காப்புரிமை வாங்கினார். ஆங்கிலத்திலும் வயலின் செய்வோர் மேல்பலகையை வயிறு என்று சொல்வதுண்டு. நம் ஆட்கள் மட்டும் இப்படி யோசிக்கவில்லை.

யாழில் மேலே பலகை இல்லை, தோல். தோல் எப்படி மேடாகும்? யாழின் உறவான பர்மிய வில்யாழ் இன்றும் வாசிக்கப்படுகிறது. அதில் மான்தோலோடு இணைந்து நீளவாக்கில் ஒரு குச்சி ஓடும். நரம்புகள் அதில் கட்டப்பட்டிருக்கும். நரம்பு இறுகும்போது குச்சி தோலை மேலே இழுக்கும். மேடு, இழுப்புக்கும் தோலின் பிடிவாதத்துக்கும் நடுவே நிற்கிறது. நம் யாழும் அவ்வாறே என்றால், 'எய்யா இளஞ்சூல்' என்பது நரம்பு எவ்வளவு இழுக்கலாம், தோல் எவ்வளவு கொடுக்கலாம் என்ற எல்லையும் ஆகிறது. விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் இத்தகைய இலக்கிய வரிகளையும் கணக்கையும் கொண்டுதான் யாழைத் தேடினார். இப்போது சென்னையில் 'உரு' தருண் சேகர் யாழ் செய்கிறார். வரைபடம் இல்லாத கருவிக்குச் சொல்தான் வரைபடம்.

அந்தச் சொல் யாருடைய அறிவு? பிறர் அறியாத சூலை அறிகிறவள் முதலில் அவளே. பிறகு அவள் தாய், தோழி, மருத்துவச்சி. வயிற்றின் நடுக்கோடு சூல் காலத்தில் கருத்துத் தெரிவதும் பெண்களுக்குள் பேசப்படும் செய்திதான். பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியாரைப் பெண்பாற் புலவர் என்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. பெயரின் விகுதியை வைத்து நடக்கிற அந்த வழக்கில் எனக்கு அக்கறை குறைவு. பாடியவர் யாரானாலும், கருவியின் நுண்ணளவைச் சொல்லப் பெண்களின் அறிவிலிருந்து எடுத்திருக்கிறார். பெண்ணை வீணை என்று பாடும் பிற்காலச் சினிமாப் பாட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகம். அங்கே அவள் மீட்டப்படும் பொருள். இங்கே கருவிதான் அவளைப் பார்த்து அளக்கப்படுகிறது.

இதில் மகிழ்ந்துபோகவும் என்னால் முடியவில்லை. மலைபடுகடாத்தில் நுண்ணிய அரம் ராவிய யாழ்த்தண்டு பளபளக்கிறது. அரம் பிடித்த கை பாட்டில் இல்லை. பேரியாழ் பற்றிய அடிகள் முடிந்த கையோடு விறலியர் வருகிறார்கள். கல்லில் நடந்து நடந்து நைந்த அவர்களின் சிறிய பாதங்களுக்கு உவமை, ஓடி இளைத்த நாயின் நாக்கு. வயிற்றை உவமையாக்கிய அதே பாட்டு, சில அடிகள் தள்ளிக் காலைக் காட்டுகிறது. வகுப்பில் இந்த இடத்தில் யாரும் சிரிப்பதில்லை. செங்கத்துப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள், அந்தக் கல் எந்த மலையடிவாரத்துக் கல்லாக இருக்கும் என்று தங்களுக்குள் பேசத் தொடங்குவார்கள்.