குறைமாத இரட்டையர்: தீவிர சிகிச்சையில் பெற்றோரின் பங்கு

கர்ப்பகாலத்தின் 28 வாரங்கள் நிறைவடையும் முன் பிறப்பதை மிகத் தீவிர குறைப்பிரசவம் என உலக சுகாதார அமைப்பு வகைப்படுத்துகிறது. ஒற்றைக் கருவைவிட இரட்டைக் கருவில் குறைப்பிரசவ வாய்ப்பு அதிகம்.

நுரையீரல் முதிராத இக்குழந்தைகளுக்குச் சுவாசக் கருவியும் இன்குபேட்டரும் தேவைப்படுகின்றன. உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருசேரப் பழகுவது சுமார் 34-ஆவது வாரத்தில்தான். அதுவரை தாய்ப்பால் குழாய் வழியே சிறிது சிறிதாகப் புகட்டப்படும். கடுமையான குடல் அழற்சியின் அபாயத்தை அது குறைக்கிறது.

குழந்தையை வெற்று மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு, கொலம்பியாவில் 1978-இல் தொடங்கியது. தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற 5 நாடுகளின் ஆய்வு 2021-இல் வெளியானது. 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள குழந்தைகளுக்கு, பிறந்தவுடனேயே இப்பராமரிப்பைத் தொடங்கியதால் 28 நாள்களுக்குள் நிகழும் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அதைவிட எடை குறைந்தோருக்கு, உடல்நிலை சீரானதும் மருத்துவர் ஆலோசனைப்படி தொடங்கலாம். தாய் ஒரு குழந்தையையும் தந்தை மற்றொன்றையும் அணைத்துக்கொள்ளலாம்.

இரட்டையராயினும் இருவரின் முன்னேற்றமும் ஒரே சீராக இராது. ஒரு குழந்தை சுவாசக் கருவியிலிருந்து விடுபட்ட பின்னும் மற்றது அதில் நீடிக்கலாம். எனவே, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடாமல், ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும்.

பிறந்த 2 முதல் 3 வாரங்களில் இரு குழந்தைகளுக்கும் விழித்திரைப் பரிசோதனை அவசியம். அதைத் தவறவிட்டால், தடுத்திருக்கக்கூடிய பார்வையிழப்பு நேரிடலாம்.